மாங்கொட்டை, மைதா மாவு, இருபது வளைவு

மதியம் பிள்ளையை அழைக்க வரும் பெற்றோர் பால்வாடி வாசலிலும் ப்ளேஸ்கூல் கேட்டிலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னைக்கு என்னங்க டீச்சர் எழுதினான்?" இந்தக் கேள்விக்குப் பயந்தே பல இடங்களில் வெளிச்சுவரில் "விளையாட்டு வழிக் கல்வி" என்று எழுதி ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரமும் போட்டுவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளையை நாலு வரி நோட்டில் "அ" எழுத உட்கார வைக்கிறார்கள். அங்கன்வாடிகளுக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பெயரிலேயே விளையாட்டை வைத்த பாடத்திட்டம் இருக்கிறது. ஆனாலும் நோட்டைக் காட்டினால்தான் வீட்டில் திருப்தி.

நடப்பது விளையாட்டா, விளையாட்டு வேஷம் போட்ட பாடமா என்று கண்டுபிடிக்க மூன்று விஷயம் பார்த்தால் போதும். எதை எடுப்பது என்று பிள்ளை முடிவு செய்கிறதா? வேண்டாம் என்றால் பாதியில் எழுந்து போகலாமா? முடிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தாக வேண்டுமா? "எல்லாரும் இந்த மாம்பழத்துக்கு மஞ்சள் காகிதம் ஒட்டுங்க" என்றால் அது கைவேலைப் பாடம். பத்து நிமிடம் செய்தால் தப்பில்லை. அதை விளையாட்டுக் கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

முதலில் அந்த எழுத்து விவகாரத்தை முடித்துவிடலாம். பிள்ளையின் கை ஒரு வரிசைப்படிதான் பழகும். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டியில் பிடிக்கும்; கோடு தோளிலிருந்து வரும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கித் திரும்பும். அசைவு முழங்கைக்கு இறங்கும். மூன்றரை, நாலில் மூன்று விரல் பிடி வந்தாலும் விரல்கள் விறைப்பாகவே இருக்கும். விரல்நுனி மட்டும் அசைந்து எழுதுவது நாலரைக்கு மேல் ஆறுக்குள். வடிவங்களும் அப்படியே: நேர்கோடு முதலில், மூன்று வயதை ஒட்டி வட்டம், நாலில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போது சதுரம், சாய்கோடு அதற்கும் பிறகு. இப்போது "அ" வை ஒரு முறை மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு திருப்பம், கடைசியில் நேராக ஒரு கோடு. வட்டமே மூடத் தெரியாத பிள்ளையிடம் அதைக் கேட்கிறோம். "ட", "ப" இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்குவதில் நியாயம் உண்டு. அதுவரை அந்தக் கைக்கு வேண்டியது கிள்ளவும் உருட்டவும் பிழியவும் ஏதாவது ஒன்று.

அதற்கு மாவைவிட மலிவான பொருள் இல்லை. 200 மில்லி டம்ளரை அளவாக வைத்துக்கொண்டால் மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், தண்ணீர் 2 டம்ளர், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். அடிகனமான வாணலியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் நாலைந்து நிமிடத்தில் அல்வா பதத்தில் ஓரம் விட்டுச் சுருண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். இது ஆறு பிள்ளைகள் உட்காரும் ஒரு மேசைக்குக் காணும். ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழ அளவு உருண்டை. அதற்குக் குறைந்தால் உருட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, பிடுங்குவதற்குத்தான் இருக்கும்.

எங்கே கெடும்? உப்பைப் பாதியாகக் குறைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை. கல் உப்பு போட்டால் கரையாத பரல் கையைக் கீறும். எலுமிச்சையை விட்டால் சீக்கிரம் கெடும், வழவழப்பும் போய்விடும். விரலில் புண் இருக்கும் பிள்ளைக்கு உப்பு எரியும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சப்பாத்தி மாவு. எதையும் வாயில் போடும் வயதுக்கு, அதாவது இரண்டுக்குக் கீழே, இந்த உப்பு மாவே கூடாது. ஒரு உருண்டையில் இருக்கும் உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்தான அளவு. அவர்களுக்கு உப்பில்லாமல் பிசைந்த சப்பாத்தி மாவு. அன்றன்றே தூக்கி எறிந்துவிட வேண்டும்.

இதே மாவு சேலத்தில் ஒரு மாதிரி, ஏற்காட்டில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். சித்திரை வெயிலில் கீழே சேலத்தில் மேசையில் வைத்த அரை மணியில் மேலே பொருக்குத் தட்டி வெடிக்கும். ஈரத்துணி மூடி, நடுவில் ஒரு முறை கையை நனைத்துப் பிசைந்தால் சரியாகும். மலைமேல் நேர்மாறு: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், மூடுபனி நாட்களில் டப்பாவைத் திறந்ததுமே மாவு நசநசக்கும். அங்கே முதலிலேயே தண்ணீரைக் கால் டம்ளர் குறைத்துக்கொண்டு, இறுக்க மூடும் எவர்சில்வர் சம்புடத்தில் வைக்க வேண்டும். ஒட்டினால் மைதாவை மேலும் மேலும் தூவாமல் வாணலியில் இரண்டு நிமிடம் திரும்பப் புரட்டி எடுப்பது மேல். மைதா தூவிய மாவு அடுத்த நாள் வறண்டு உதிரும்.

நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி. மாவில் எலுமிச்சை இருப்பதால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். விளையாடி முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவும்போது நுரை சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சங்கதிதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடித்துக் கூச்சல் போடட்டும். (சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்ட விடக்கூடாது. தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.)

முதல் வாரம் மாவு மட்டும்தான், வேறு எந்தச் சாமானும் வேண்டாம். நட்சத்திரம், மீன் என்று அச்சு வெட்டும் பிளாஸ்டிக் சாமான்களைக் கடைசி வரை தராவிட்டாலும் நஷ்டமில்லை என்பது என் எண்ணம். அச்சு கையில் வந்ததும் பிள்ளை அமுக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். கிள்ளுவது, திரிப்பது, நூலால் அறுப்பது எல்லாம் நின்றுபோகும். இரண்டாம் வாரம் ஒரு சின்னப் பூரிக்கட்டையும் முறுக்கு அச்சும் கொடுங்கள். முறுக்கு பிழிய இரண்டு கையும் சேர்ந்து வலுவாக வேலை செய்ய வேண்டும். அதோடு அம்மா செய்கிற வேலை என்ற பெருமை வேறு.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு மாவும் கையருகே இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த ஊரில் மரவள்ளி ஸ்டார்ச் கிடைப்பது பெரிய காரியமில்லை. விரலால் தீட்டும் வண்ணத்துக்கு ஸ்டார்ச் 3 மேசைக்கரண்டியை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற 2 டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளற வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். உலர்ந்த மாவில் நேராக வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டும். இறக்கத் தாமதித்தால் மூக்குச்சளி போல நூல் நூலாக இழுக்கும். மரவள்ளிக்கு அந்தக் குணம் சோள மாவைவிட அதிகம். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் இழுவை அடங்கும். பீட்ரூட் சாறு, மஞ்சள், கீரை அரைத்த தண்ணீர் எதுவும் நிறத்துக்கு ஆகும். ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டும். காகிதத்தில் தீட்டக் கொடுத்தால் ஊறிக் கிழிந்துவிடும். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொடுத்தால் தீட்டி, அழித்து, மறுபடி தீட்டலாம். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் கடைசியில் மேலே ஒரு காகிதத்தை அழுத்தி எடுத்தால் படம் பதிந்துவிடும்.

அதே ஸ்டார்ச்சில் இன்னொரு விளையாட்டு: ஸ்டார்ச் 2 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு, அடுப்பே வேண்டாம். இறுக்கிப் பிடித்தால் கெட்டி, விரலை விட்டால் ஒழுகும். கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் வெறும் பாலாகிவிடும், ஆகவே தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். முடிந்ததும் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குழாயில் படிந்து அடைக்கும். டப்பிலேயே விட்டால் மறுநாள் காலை மாவு அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஆலைத் தொட்டிகளில் மரவள்ளிப் பாலைத் தெளிய வைத்து மாவு எடுப்பதும் இந்த வழியில்தான். அப்பாவோ மாமாவோ ஆலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைக்கு வீட்டில் பேச நிறைய இருக்கும்.

இனி மாங்கொட்டை. மே, ஜூன் மாதங்களில் சேலத்தில் எந்த வீட்டுக் குப்பையிலும் கிடைக்கும். உள்ளங்கை நிறையும் அளவு, தொண்டைக்குள் போகாது, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமானைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சதையைச் சப்பியபின் ஓர் இரவு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஐந்தாறு நாள் சுள்ளென்ற வெயிலில் காயப்போட வேண்டும். உள்ளே பருப்பு சுருங்கி, ஆட்டினால் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ப்பதைச் சோம்பினால் நாரில் சாறு தங்கி எறும்பு மொய்க்கும். கொதிக்கவைப்பதைச் சோம்பினால் ஒருநாள் கொட்டையைத் துளைத்துக்கொண்டு வண்டு வெளியே வரும். மாங்கொட்டை வண்டு பழத்துக்கு வெளியே தெரியாமல் கொட்டைக்குள்ளேயே வளரும் ஜாதி. துளை விழுந்ததைக் கழித்துவிடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் அன்றைய பாடம் வண்டுதான், எதிர்க்க வேண்டாம்.

முப்பது கொட்டையும் ஒரு கூடையும் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கிறது? இரண்டு வயதுப் பிள்ளை கூடையில் போடும், கவிழ்க்கும், மறுபடி போடும். அரைமணி நேரம் அதுவே. சலிப்பாகத் தெரிவது நமக்குத்தான். மூன்று வயதில் கொட்டை மீனாகும், ஃபோனாகும், துணியில் சுற்றிய பாப்பாவாகும். நாலில் பெரியது சின்னது என்று வரிசை கட்டும். இந்த வரிசைக்கு நாம் அவசரப்படுத்தினால் பாப்பா நிலை தவறிப்போகும், அதுதான் பெரிய நஷ்டம்.

எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும். மூன்று வயது முடியாதவர்கள் இருக்கும் அறையில் புளியங்கொட்டை, சோழி, கோலி எதுவும் இருக்கக்கூடாது. எது ஆபத்து என்று தெரியாவிட்டால் பிளம்பிங் கடையில் ஒன்றேகால் இஞ்ச் பிவிசி பைப்பில் விரல் நீளத் துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுதாக விழுகிற எதுவும் சின்னவர்களுக்கு ஆகாது. விதை பொறுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை: குன்றிமணி அழகாகச் சிவந்து கறுத்து இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. அரளிக்காய், ஊமத்தங்காய், மலைப்பக்கம் வேலியெல்லாம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் பச்சைக் காய் எல்லாமே விலக்கு. சேலத்தைச் சுற்றிக் காட்டோரம் ஆமணக்கு சாதாரணமாக நிற்பதால் ஆயாம்மா உட்பட எல்லோருக்கும் இந்தப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும்.

பல்லாங்குழியின் 14 குழியும் ஆட்டமாக மாறுவது ஐந்தரை, ஆறு வயதில். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு குழிக்கு ஒரு கொட்டை போட்டுக்கொண்டு போவதே முழு வேலை. இட்லித் தட்டும் போதும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இருபதுவரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். "எனக்கு மூணு கொட்டை குடு கண்ணு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் எண்களின் வரிசை மட்டும்தான் வந்திருக்கிறது. ஐந்து கொட்டையை எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறதா? கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் விளங்கவில்லை. திருத்த வேண்டாம், நீங்கள் எண்ணும்போது "மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு கொட்டை இருக்கு" என்று அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்.

மணல் பற்றிச் சுருக்கமாக. இப்போது கட்டட வேலைக்கு எல்லா இடத்திலும் எம்-சாண்ட். அதைப் பிள்ளைகளுக்குக் கொட்டக் கூடாது. கல்லை உடைத்து எடுத்தது, முனை கூர்மையாக இருக்கும், தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. சலித்துக் கழுவிய ஆற்றுமணல்தான் வேண்டும். ஆறடிக்கு நாலடி, ஓரடி ஆழம் என்றால் கால் யூனிட்டுக்குள், அதாவது 25 கன அடிக்குள், அடங்கும். கட்டுப்படி ஆகாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைக்கலாம். இரவில் மூடாவிட்டால் பூனை அதைக் கழிப்பறையாக்கும். காலையில் வாருகோலால் ஒரு முறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும், தேள் இருக்கலாம். எட்டுக் கிண்ணம் மணலுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் விட்டால் வீடு நிற்கும். தண்ணீர் விளையாட்டு என்றால் நாலு விரற்கடை ஆழம் போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தை விட்டு நகரக்கூடாது, முடிந்த நொடியில் டப்பைக் கவிழ்த்துவிட வேண்டும்.

மரக்கட்டைகளைத் தச்சுப்பட்டறைக் கழிவிலிருந்தே செய்யலாம். தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. அப்போதுதான் இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு பெரியதாகும். அளவு ஒத்துப்போகாத கட்டையில் பாலம் கட்டினால் கோணும், பிள்ளை விட்டுவிடும். நாலைந்து பேருக்கு நூறு கட்டையாவது வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் சில்வர் ஓக் மலிவு, ஆனால் அதன் தூள் சிலருக்கு அரிப்பு கொடுக்கும் என்பதால் இழைத்து, உப்புத்தாள் போட்டு, துடைத்த பிறகே உள்ளே வர வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை படியும். வெயில் வரும் நாளுக்குக் காத்திருந்து காயவைப்பதைத் தவிர வழியில்லை.

சண்டை அதிகமாக இருக்கிறது என்பவர்கள் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் இடங்களை எண்ணிப் பார்க்கட்டும். இருபது பிள்ளைகளுக்கு முப்பது இடம் வேண்டும்: மாவில் ஆறு, மணலில் ஐந்து, கட்டையில் ஐந்து என்று கூட்டி வந்தால் காலி இடம் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். இருபதுக்கு இருபது என்றால் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் போக முடியும். அடுத்தது, இரண்டு வயதுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும் பருவம். ஒரே லாரி இருந்தால் "ஷேர் பண்ணிக்கோ" என்ற உபதேசம் எடுபடாது. ஒரே மாதிரி மூன்று லாரி வையுங்கள். நேரம் முக்கால் மணிக்குக் குறையக்கூடாது. முதல் கால் மணி சுற்றிப் பார்க்கவே போய்விடும். இருபது நிமிடத்தில் மணி அடிக்கிற இடத்தில் பிள்ளைகள் ஆழமாக விளையாடியதே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பாவனை விளையாட்டு. சொப்புச் சாமான் எல்லோருக்கும் தெரியும், ஆகவே பஸ்ஸைச் சொல்கிறேன். எட்டு நாற்காலியை இரண்டிரண்டாகப் போட்டு, முன்னால் ஒரு தாம்பாளத்தை ஸ்டியரிங்காகக் கொடுத்தால் ஏற்காடு பஸ் கிளம்பிவிடும். அஸ்தம்பட்டி, அடிவாரம், ஏற்காடு என்று பெரிய எழுத்தில் எழுதிய துண்டுச் சீட்டு ஒவ்வொரு நிறத்தில். கண்டக்டருக்கு ஒரு பை, காசாகப் பாட்டில் மூடி (பைப்புக்குள் விழாத பெரிய மூடி). படிக்கத் தெரியாத பிள்ளை நிறத்தைப் பார்த்துச் சீட்டு கிழிக்கும். சில நாளில் "ஏ" எங்கே கண்டாலும் கைகாட்டும். தரையில் சாக்பீஸால் மலைப்பாதை வரைந்து வளைவுக்கு வளைவு எண் போடுங்கள், 1 முதல் 20 வரை. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் எண்ணைக் கத்த வேண்டும், பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். ஏழாவது வளைவுக்குள் யாராவது "வாந்தி வருது, வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தாமல் இருக்கமாட்டார்கள்.

இந்தப் பஸ்ஸில் ஐந்து நிமிடம் இடத்தை விட்டு எழாமல் உட்காரும் பையன், பாட நேரத்தில் அரை நிமிடம் உட்காராதவனாக இருப்பான். பயணி எழுந்து ஓடக்கூடாது என்ற விதியை அவனே ஏற்றுக்கொண்டான் என்பதுதான் வித்தியாசம். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களில் சொன்னதும் இதுதான்: பிள்ளை விளையாட்டில் தன் வயதைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது.

டீச்சர் இதில் பயணியாக ஏறலாம், கண்டக்டராகக் கூடாது. "சீட்டு என்ன கலர்?" என்று பரீட்சை வைக்காமல், "ஏனுங்க, இந்த பஸ் ஏற்காடு போகுங்களா? மூணு டிக்கெட் குடுங்க" என்று கேட்டால் எண்ணிக்கையும் வந்துவிடும், ஆட்டமும் உடையாது. கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நாலு வயதுக்காரர் பதிலை யோசித்துக் கோக்க அவ்வளவு நேரம் ஆகும், நாம் மூன்றாவது நொடியில் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

பஸ் இரண்டு வாரம் ஓடட்டும். மூன்றாவது வாரம் ஓட்டுநர் இருக்கைக்குச் சண்டை வராமல் நாற்காலிகள் காலியாக நின்றால் பேர்ப்பலகையை மட்டும் மாற்றி, பின் இருக்கையில் இரண்டு கூடை காய்கறி ஏற்றுங்கள். உழவர் சந்தைக்குப் போகிற பஸ் அது.